ஷாமலா சொல்லாத மூன்று வரி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் தங்கச்சியின் வாழ்க்கையிலிருந்து எடுத்தது. அவளிடம் கேட்காமல் எடுத்தது. அவள் இப்போது பக்கத்து அறையில் என் மகளின் கட்டிலில் உட்கார்ந்து, தான் படிப்பிக்கிற மொண்டிசோரிப் பிள்ளைகளுக்குக் கலர் பேப்பர் வெட்டிக்கொண்டிருக்கிறாள். கத்தரிக்கோல் சத்தம் இங்கே கேட்கிறது. நான் ஏதோ கந்தோர் வேலை பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள், பாவம்.

கதையில் மூன்று பேர்தான். ஷாமலா, அவள் புருஷன் றொட்னி, அவளுடைய அண்ணன் கிறகரி. அந்தக் கிறகரி நான்தான். கண்டியில் ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளார்க். சாப்பாட்டு நேரத்தில் கதை எழுதுகிற ரகம். ஆனால் "நான்" என்று எழுதினால் எனக்கு என்மேலேயே இரக்கம் வந்துவிடுகிறது. நாலு தடவை எழுதிப் பார்த்தேன். நாலு தடவையும் அந்த "நான்" ரொம்ப நல்லவனாக வந்து நின்றான். அதனால் இனி "அவன்". எனக்கு வேண்டாத ஒருத்தனைப் பார்ப்பது மாதிரி அவனைப் பார்க்கப்போகிறேன். எங்கேயாவது தவறி "நான்" வந்துவிட்டால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்:

"மேசைமேல் கால் போத்தல் சாராயம் காலியாகக் கிடந்தது. றொட்னியின் கண்கள் சிவந்து —"

நிறுத்திவிட்டேன். இந்த மாதிரிக் கதை எல்லாமே போத்தலில்தான் தொடங்குகிறது. போத்தலை முதல் வரியில் வைத்துவிட்டால் கடைசி வரி வரைக்கும் எல்லாப் பழியும் அதன் தலையில் விழும். அது எதிர்த்துப் பேசாது, வக்கீலும் வைக்காது. எழுதுகிறவனுக்கும் சுகம், அடிக்கிறவனுக்கும் சுகம்.

இரண்டாம் தொடக்கம்:

"கண்டி வாவியின்மேல் மழைத்துளிகள் —"

வேணாம் ஐயா. கண்டி என்றாலே எல்லோரும் வாவிக்கரையில் போய் நின்றுகொள்கிறார்கள். வத்தேகமவில் வீடு, மொண்டிசோரி, கடைத்தெரு, திரும்ப வீடு. ஷாமலாவின் நாள் அதற்குள்ளேயே முடிந்துவிடும். அவள் வாவியை நின்று பார்த்து வருஷக் கணக்காகிறது.

மூன்றாம் தொடக்கம்:

"பொலிஸ் வாங்கில் உட்கார்ந்து கிறகரி பேனை மூடியைத் திறந்தான்."

இது இருக்கட்டும். எழுதவே கை கூசுகிறது. அதனால்தான் இருக்கட்டும் என்கிறேன்.

3

பொலிஸ் வாங்கில் உட்கார்ந்து கிறகரி பேனை மூடியைத் திறந்தான். பெப்ரவரி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை. (எந்தப் பொலிஸ் என்று சொல்லமாட்டேன். அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.) பக்கத்தில் ஷாமலா. வலது கையில் மோதிர விரலும் அடுத்த விரலும் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தது.

என்ன நடந்தது என்றால், ஞாயிற்றுக்கிழமை கம்பளையில் ஒரு ஞானஸ்நான விருந்து. றொட்னி வயிறு முட்டக் குடித்தான். பஸ்ஸில் தூங்கி வழிந்து வீடு வந்து சேர்ந்தவன், சாயங்காலம் ஆறு மணிக்கு எழும்பி மோட்டார் சைக்கிளை எடுக்கப் போகிறேன் என்றான். இந்த மப்பில் எங்கேயாவது விழுந்து சாவான் என்று பயந்து ஷாமலா சாவியை அலுமாரிக்குள் ஒளித்தாள். அவன் பார்த்துவிட்டான். அவள் கை உள்ளே இருக்கும்போதே அலுமாரிக் கதவை ஓங்கி அடித்தான். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

ஆஸ்பத்திரியில் "வழுக்கி விழுந்துட்டேன்" என்றாள். அடுத்த நாள் அண்ணன் வீட்டுக்கு வந்து, "பொலிசுக்குப் போகணும் அண்ணே, நீங்க கூட வாங்க" என்றாள். ஷாமலாவுக்குச் சிங்களம் பேச வரும். வாசிக்க, எழுத வராது. கிறகரிக்கு அதுதான் வேலையே. இந்த வட்டாரத்தில் பாதித் தமிழாட்களின் பென்ஷன் கடிதமும் காணிக் கடிதமும் அவன் கையெழுத்தில்தான் இருக்கும். "கிறகரி எழுதினால் மறுபேச்சு இருக்காது" என்று எங்கள் மாதா கோயில் பங்கில் சொல்வார்கள். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பொலிசில் சொன்னார்கள்: நடந்ததை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாங்க, பிறகு வாக்குமூலம் எடுக்கிறோம். அவன் எழுதத் தொடங்கினான். அரைப் பக்கம் எழுதியிருப்பான், றொட்னி ஓடி வந்தான். சேட்டுப் பட்டன் மாறிப் போட்டிருந்தது. வந்தவன் வாங்குக்கு முன்னால் அப்படியே மண்டியிட்டு, கிறகரியின் சப்பாத்தைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், மன்னிச்சிருங்க மச்சான். மப்புல நடந்துருச்சி. அது நான் இல்ல மச்சான், தண்ணி. நாளைக்கு விபூதிப் புதன். மாதா மேல சத்தியமா இனி தொடமாட்டேன். ஷாமலா, நீயாச்சும் சொல்லு."

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டால், உயிர்த்த ஞாயிறு என்கிற ஈஸ்டர் வரைக்கும் தவக்காலம். நம் ஆட்களில் குடிக்கிறவர்கள் ரொம்பப் பேர் அந்த நாற்பது நாளும் குடியை விடுவார்கள். பங்கே பார்த்துக்கொண்டிருக்கும். வருஷம் முழுக்கத் தள்ளாடுகிறவன்கூட அந்த நாற்பது நாள் நேராக நடப்பான். அதனால் தவக்காலச் சத்தியம் என்றால் எங்களுக்கு அது சத்தியத்துக்கும் மேலே.

கிறகரிக்கு நெஞ்சு இளகிவிட்டது. அழுகிற ஆம்பிளையைப் பார்த்தால் அவனுக்கு ஆகாது. எழுதின தாளைக் கிழித்தான். புதுத்தாள் எடுத்தான். அப்போது ஷாமலா அவன் காதோரம் குனிந்து ஒன்று சொன்னாள்.

"குடியால மட்டும் இல்ல அண்ணே. குடிக்காத நாள்லயும் அந்தக் கை அப்படித்தான் கிளம்பும். நான் குனிஞ்சிக்குவேன், அதான் படல்ல. அதையும் எழுதுங்க."

"அதெல்லாம் இதுல எழுத வேணாம்மா" என்றான் கிறகரி. "கையெழுத்த வை."

அவன் எழுதினது சிங்களத்தில் மூன்று வரி. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

என் கணவர் மதுபோதையில் இருந்ததாலேயே இது நடந்தது.
இனிக் குடிப்பதில்லை என்று வாக்களித்துள்ளார்.
நாங்கள் சமாதானமாகிவிட்டோம், எனக்கு வேறு முறைப்பாடு இல்லை.

வலது கையில் கட்டு இருந்ததால் இடது கையால் கையெழுத்து வைத்தாள். கோணல்மாணலாக, அவளிடம் படிக்கிற நாலு வயதுப் பிள்ளை எழுதினது மாதிரி இருந்தது.*

* அவன் ஏன் அவ்வளவு அவசரப்பட்டான்? பதினொரு மணிக்குள் கந்தோருக்குத் திரும்ப வேண்டும், ஷோர்ட் லீவ். அவன் பங்குச் சபைச் செயலாளர், பொலிஸ் வாசலில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்? இன்னொன்றும் உண்டு. கிறிஸ்மஸுக்கு மச்சானும் மச்சானும் ஒன்றாக உட்கார்ந்துதான் குடிப்பார்கள். போத்தல் வாங்கி வருவது கிறகரி. இந்தக் குறிப்பைக் கதைக்குள் எழுதத் தைரியம் வரவில்லை, அதனால் கீழே போட்டிருக்கிறேன்.

4

றொட்னியில்தான் மாட்டிக்கொண்டேன். எழுத எழுத நழுவுகிறான்.

கெட்டவனாக எழுதலாம் என்று பார்த்தேன். "றொட்னி ஒரு முரடன்; அவன் —" அந்த வாக்கியம் மேலே போகவில்லை. முரடனை யார் ஏழு வருஷம் "தங்கமான பையன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தது? நானேதான். கிறகரிதான்.

அவன் எதையும் படக்கென்று செய்கிறவன். ஷாமலாவைப் பார்த்து மூன்றாம் வாரமே பெண் கேட்டு வந்தான். ஒரு தடவை வத்தேகம பஸ் ஸ்டாண்டில் கொட்டுகிற மழையில் யாரோ தெரியாத பிள்ளை நடுங்கிக்கொண்டு நிற்க, மழை ஜக்கெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தான். அந்தக் கதையைக் கிறகரி பங்கில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பான்! கோபம் வந்து இரண்டு வேலையை விட்டான். மூன்றாவது அக்குறணையில் டைல்ஸ் கடை. ஃபோனைச் சுவரில் அடித்தான், அடுத்த நாளே ஷாமலாவுக்குப் புது ஃபோன் வாங்கி வந்தான். செய்துவிட்டு யோசிக்கிற சாதுவான அவசரக்காரன் என்று எல்லோரும் சிரித்தோம்.

இந்த இடத்தில் கதையை நிறுத்தி, கட்டுரை மாதிரி கொஞ்சம் பேசவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

குடிக்கும் அடிக்கும் சம்பந்தமே இல்லை என்றால் அது பச்சைப் பொய். ஷாமலா வாங்கின பெரிய அடி எல்லாம் குடித்த நாளில் வாங்கினதுதான். குடித்தால் பிரேக் பிடிக்காது. ஆனால் றொட்னியின் பிரேக் குடிக்காத நாளிலும் தேய்ந்த பிரேக்தான். இவை இரண்டும் சேரும்போது அலுமாரிக் கதவு. சரி, இதை எழுதி முடித்ததும் எனக்குப் பெரிய ஞானம் வந்த மாதிரி இருந்தது.

அப்புறம் ஷாமலா முன்னொரு நாள் சொன்னது ஞாபகம் வந்தது. அக்குறணைக் கடையில் ஒரு பெட்டி டைல்ஸ் உடைந்துபோக, ஹாஜியார் முதலாளி நாலு கஸ்டமருக்கு முன்னால் றொட்னியை வாய்க்கு வந்தபடி ஏசினாராம். றொட்னி தலையைக் குனிந்துகொண்டு, "சரி ஹாஜியார், சரி ஹாஜியார்" என்றானாம். சாயங்காலம் அதை வீட்டில் வந்து சொன்னது அவனேதான். சொல்லிவிட்டுச் சோத்துக் கோப்பையைத் தூக்கி எறிந்திருக்கிறான்.

தேய்ந்த பிரேக் அக்குறணையில் மட்டும் எப்படிப் பிடிக்கிறது? என் கட்டுரைக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. அதனால் கதைக்கே திரும்புகிறேன்.

5

தவக்காலம் தொடங்கியது. றொட்னி சொன்ன சொல் தவறவில்லை. இதைச் சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே ஒரு சொட்டுத் தொடவில்லை. கூட்டாளிகள் கூப்பிட்டும் போகவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் சிலுவைப்பாதைச் செபத்துக்கு வந்து முன்வாங்கில் நின்றான். கிறகரிக்குப் பெருமை தாங்கவில்லை. "பார்த்தீங்களா, மனுசன் நினைச்சா திருந்தலாம்" என்று பூசை முடிந்து போகிறவர்களை எல்லாம் மறித்துச் சொன்னான். தான் எழுதின மூன்று வரிதான் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியது என்று அவன் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டான். ஷாமலாவுக்கு ஃபோன் எடுப்பான்.

"எப்படிம்மா இருக்காரு?"

"குடிக்கிறதில்ல அண்ணே."

"ஆங், அதான் வேணும்."

அவள் அதற்குமேல் ஒன்றும் சொல்லமாட்டாள். இவனும் கேட்கமாட்டான். அந்த நாற்பது நாளில் ஒரே ஒரு தடவை, "நீ எப்படி இருக்க?" என்று கேட்டிருந்தால்... சரி, கேட்கவில்லை. கேட்காததை எழுதி என்ன செய்ய.

ஐந்தாம் வெள்ளி, பின்னேரம் மூன்றரை மணி. சிலுவைப்பாதைக்குப் போக இரண்டு பேரும் வெளிக்கிட்டு நின்றார்கள். மோட்டார் சைக்கிள் சாவியைக் காணவில்லை. றொட்னி மேசையைப் புரட்டினான், கட்டிலைப் புரட்டினான். "எங்க ஒளிச்ச?" என்றான். ஷாமலா ஒளிக்கவில்லை. சாவி அவன் காற்சட்டைப் பாக்கெட்டிலேயே இருந்தது. வளையம் வெளியே தொங்கியது. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இந்தா, உங்க பாக்கெட்லயே இருக்குதே!"

சாவியை உருவின அதே கையால் அடித்தான். இந்தத் தடவை அவள் குனியவில்லை. நாற்பது நாள் சத்தியத்தை நம்பி, குனிகிற பழக்கத்தை விட்டிருந்தாள். புருவத்துக்கு மேலே கிழிந்தது.

"எனக்கு முதல்ல வலி தெரியல்ல அண்ணே" என்றாள் பிறகு, கிறகரி வீட்டுச் சமையலறையில், லேஞ்சித் துணியால் நெற்றியை அழுத்திக்கொண்டு. "கிட்டப் போய் வாய மோந்து பார்த்தேன். பிளேன்டீ வாசம்தான் வந்துச்சி. குடிச்சிருக்கக்கூடாதான்னு நினைச்சேன். நினைச்சிட்டு எனக்கே பயமாப் போச்சி."

கிறகரியின் மனைவி அஷ்வினி அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். கிறகரி நின்ற இடத்திலேயே நின்றான். ஐயோ, அந்த நேரத்திலும் அவன் வாயிலிருந்து வந்தது இதுதான்: "குடிக்கல்லன்னு நல்லாத் தெரியுமா?"

இதை அழித்துவிடலாமா என்று மூன்று தடவை யோசித்தேன். அழிக்கவில்லை.

6

அடுத்த நாள் சனிக்கிழமை, அதே பொலிஸ், அதே வாங்கு. இந்தத் தடவை ஒரு பெண் உத்தியோகத்தர். நல்ல மனுசி, தண்ணீர் கொடுத்தாள், மின்விசிறியைத் திருப்பிவிட்டாள். பழைய கோப்பை எடுத்து, அந்த மூன்று வரித் தாளை விரித்து வைத்தாள்.

"குடித்ததாலேயே நடந்தது என்று நீங்களே எழுதித் தந்திருக்கிறீர்களே" என்றாள் சிங்களத்தில். "இப்போது அவர் குடிப்பதே இல்லை என்கிறீர்கள். நேற்றுக் காலை அவரும் ஃபோனில் அதைத்தான் சொன்னார், வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று —"

[இல்லை, இது பொய். நேற்றுக் காலை அடியே நடக்கவில்லை, நடந்தது பின்னேரம். உத்தியோகத்தர் சொன்னது முதல் இரண்டு வாக்கியம்தான். மூன்றாவதை, கிறகரிமேல் உள்ள பழியைக் கொஞ்சம் பொலிஸ் பக்கம் தள்ளிவிட நான் செருகினேன். எடுத்துவிடுங்கள்.]

"குடித்ததாலேயே என்றா?" ஷாமலா அண்ணனைப் பார்த்தாள். "என்ன அண்ணே எழுதியிருக்கு அதுல? முழுசா வாசிங்க."

கிறகரி தன் கையெழுத்தைத் தானே தமிழில் வாசித்துக் காட்டவேண்டியதாயிற்று. மூன்று வரி. வாசிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவன் ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து வாசித்தான்.

"இத நான் சொல்லலையே அண்ணே" என்றாள் ஷாமலா.

சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. கீழே இருந்த தன் இடதுகைக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முந்தியது பிழை என்றால் அதையும் சொல்லி விவரமாக எழுதித் தாருங்கள், உயிர்த்த ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமைக்குள்" என்றாள் உத்தியோகத்தர். வெளியே வந்ததும் தங்கச்சி நேராகப் போய் பஸ் ஏறினாள். அன்றிலிருந்து இந்த இரண்டு வாரமும், "சாப்பிட வாங்க", "தண்ணி வந்துருச்சி" தவிர அவள் என்னோடு — அவனோடு — பேசியதில்லை.

கை நீட்டினது றொட்னிதான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவன் கை கிளம்பின அதே வேகத்தில்தான் அன்றைக்கு என் பேனையும் கிளம்பியது. யோசிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் சொன்னது காதில் விழுந்தும் நிற்கவில்லை. நான் அன்று ஒரு சொட்டும் குடித்திருக்கவில்லை.

7

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன். இன்று பெரிய சனி, நாளைக்கு உயிர்த்த ஞாயிறு. றொட்னி செய்தி அனுப்பியிருக்கிறான்: "நாப்பது நாளும் தொடல்ல மச்சான். பூசை முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போறேன். கேக்கும் வாங்கியாச்சி."

முடிவு ஒன்று: அவள் போகிறாள். எல்லோரும் கேக் சாப்பிடுகிறார்கள். அலுமாரி அதே இடத்தில் —

முடிவு இரண்டு: றொட்னி தன் கையைத் தானே பார்த்து வெட்கப்பட்டு, யாரிடமாவது போய் உதவி கேட்கிறான். வருஷக்கணக்கில் போகிறான். ஷாமலா தூரத்திலிருந்து பார்க்கிறாள். (நடக்கலாம். நடந்த ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அதை எழுதவேண்டியவன் றொட்னி.)

முடிவு மூன்று: கிறகரி வாசலில் நின்று றொட்னியை மறித்து, வீரமாக —

சீ. இதில் கிறகரி மறுபடியும் நல்லவனாகிவிட்டான்.

8

கத்தரிக்கோல் சத்தம் நின்றிருந்ததைக் கவனிக்கவில்லை. ஷாமலா கதவடியில் நின்றாள். புருவத்தில் தழும்பு இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது.

"என்ன அண்ணே எழுதுறீங்க?"

பொய் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. கதிரையை அவளுக்குத் தள்ளிவிட்டு, நீங்கள் இதுவரை வாசித்ததை முதலிலிருந்து வாசித்துக் காட்டினேன். குறிப்பையும் விடவில்லை. வாசித்து முடித்ததும் அவள் கேட்டாள்:

"மழையில ஜக்கெட் குடுத்தத ஏன் போட்டீங்க?"

"உண்மைதானேம்மா."

"உண்மைதான். ஆனா அது என்னோட ஜக்கெட். என் தோள்ல இருந்து உருவித்தான் குடுத்தாரு. நான்தான் நனைஞ்சிக்கிட்டு வீட்டுக்கு வந்தேன்."

ஏழு வருஷமாக நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த கதை. அவளிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"முடிவு மூணும்?" என்றேன்.

"ஒண்ணும் வேணாம் அண்ணே. போன தடவ ஒரு முடிவு எழுதினீங்களே, போதும்." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "பொலிசுக்குக் குடுக்கிறத தமிழ்ல எழுதலாமா?"

"எழுதலாம். அது உன் உரிமை. சிங்களத்துக்கு மாத்திக்கிறது அவங்க வேலை. அன்னைக்கே நான் —"

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்" என்றாள். கை நீட்டினாள். "பேனையத் தாங்க."

கொடுத்தேன். அவள் என் கதிரையில் உட்கார்ந்து, என் தாள் கட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவிக்கொண்டாள். மோதிர விரல் இப்போதும் நேராக நிமிராது. பேனையைக் கொஞ்சம் சரித்துத்தான் பிடிக்கிறாள். மொண்டிசோரிப் பலகையில் எழுதுகிற அதே உருண்டை எழுத்து, ஒவ்வொன்றாக. நாளைக்கு றொட்னி வரும்போது அவள் போவாளா, இருப்பாளா என்று நான் கேட்கவில்லை. நீங்களும் என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் எழுதமாட்டேன்.

அறையை விட்டு வெளியேறும்போது முதல் வரி மட்டும் கண்ணில் பட்டுவிட்டது. இரண்டாம் பகுதியில் நான் மூன்று தொடக்கம் எழுதி அல்லாடினேனே, அப்போது எனக்கு அகப்படாத தொடக்கம் அது:

"அன்று அவர் குடித்திருக்கவில்லை."

அடுத்த வரியை அவள் எழுதிக்கொண்டிருக்கிறாள். நான் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.